அவர் ஓட்டாத படகு

"அண்ணி, கெட்டியாப் பிடிச்சுக்குங்க. இனிமே ஏத்தம்," என்றான் கொழுந்தன். தையல்காரி ஒரு கையால் அவன் சட்டையையும் மறு கையால் பின்கம்பியையும் பற்றிக்கொண்டாள். நான்கு சக்கர பைக் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட அவன் நேரம் கொடுக்கவில்லை. "அண்ணனுக்கு லேசா மயக்கம். உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாரு," என்று வாசலில் நின்று சொன்னான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கணவர் அவளை ஆற்றுக்குக் கூட்டிவரச் சொன்னதே கிடையாது. ஒழுங்காகப் பொய் சொல்லத் தெரியாத குடும்பம்.

மேடு முடிந்து சமதரை வந்தது. வண்டி குலுங்கவில்லை, அவன் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எப்போ?" என்று கேட்டாள்.

அவன் திரும்பவில்லை. "சாப்பாட்டு நேரத்துல. தட்டக் கையில வாங்கினாரு. அப்படியே உக்காந்துட்டாரு. சுத்திப் பாக்க வந்தவங்கள்ல ஒரு டாக்டரம்மா இருந்தாங்க. அரை மணி நேரம் நெஞ்ச அமுக்கிப் பாத்தாங்க அண்ணி."

"சாப்பிட்டாரா?"

"இல்ல."

செத்துப்போனார் என்பதைவிடச் சாப்பிடாமல் போனார் என்பதுதான் அந்த நிமிஷம் அவளுக்குத் தாங்கவில்லை. வண்டிச் சத்தத்தில் அவள் அழுதது அவளுக்கே கேட்கவில்லை.

'காலையில் ஆறு, மதியம் மலை' என்று பலகை வைத்து ஒருநாள் சுற்றுலா நடத்தும் கம்பெனியில் அண்ணன் தம்பி இருவருக்கும் வேலை. வருகிறவர்களை ரப்பர் படகில் ஏற்றி மதியம் வரை அலைக்கழிப்பது அண்ணன் பொறுப்பு. வயிற்றுக்குப் போட்ட பிறகு பைக்கில் ஏற்றி மேடு பள்ளமெல்லாம் உருட்டியெடுப்பது தம்பி பொறுப்பு. கைக்காசைச் செலவு பண்ணி இடுப்பொடிய வருகிற ஜனங்களை நினைத்து அவள் சிரிப்பாள். ஆனால் அவள் பிழைப்பும் அதில்தான். பிய்ந்த லைஃப் ஜாக்கெட்டுகள் மூட்டையாக அவள் மெஷினுக்குத்தான் வரும். அந்த ஆற்றில் விழுந்து எழுந்த எத்தனையோ பேரை அவள் போட்ட தையல் தாங்கியிருக்கிறது. அவள் மட்டும் அந்த ஆற்றில் இறங்கியதில்லை.

படகோட்டிகளுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தன் வீட்டு ஆளைத் தான் ஓட்டும் படகில் ஏற்றக் கூடாது. கம்பெனி போட்ட சட்டமில்லை, அவர்களாகவே வைத்துக்கொண்டது. சிலர் கண்டும் காணாமல் ஏற்றிவிடுவார்கள். அவள் கணவருக்கு மட்டும் அது வேதவாக்கு. அதனால்தான் தம்பியையே மலைப்பக்கம் தள்ளிவிட்டார். கல்யாணமான புதிதில் அவள் படகில் ஏற அடம்பிடித்தபோது, "படகு கவுந்தா என் கை முதல்ல உன்னத்தான் தேடும். மத்த ஏழு பேரு என்ன பாவம் பண்ணினாங்க?" என்றார்.

இதற்குப் பூரித்துப்போவதா, கோபித்துக்கொள்வதா? அவள் இரண்டையும் செய்தாள். "அப்போ நம்ம நெட்டை ஓட்டுற படகுல போயேன்," என்று கூட்டாளிப் படகோட்டியைக் காட்டி அவர் சமாதானத்துக்கு வந்தால், "ஊரான் படகுல ஏறுறதுக்கா உங்களக் கட்டிக்கிட்டேன்?" என்று வாயை அடைத்துவிடுவாள். விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனசு வரவில்லை. ஆசை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. சாயங்காலம் ஈரத் தலையோடு அவர் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், தான் பார்க்காத ஓர் ஊருக்குப் போய்வந்தவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்ப்பாள்.

கடைசியில் இந்த வருஷம்தான் வழி பிறந்தது. பருவம் முடிந்ததும் வேலையை விட்டுவிடுவதாகவும், மறுநாளே இருவரும் டிக்கெட் வாங்கி நெட்டை படகில் முன்வரிசையில் உட்காரலாம் என்றும் சொன்னார். "நான்தான் ஓட்டலையே. பயந்து கத்துற மாதிரி கத்துறேன், நீ என் கையப் பிடிச்சுக்க." அதற்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

சுற்றுலா வந்தவர்கள் யாரும் கரையில் இல்லை. எல்லாரையும் பைக்கில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மரநிழலில் தார்ப்பாய் விரித்து, போர்வை போர்த்தி அவரைக் கிடத்தியிருந்தார்கள். நெட்டை பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவ்வளவு உயரமான ஆள் அன்று சின்னதாகத் தெரிந்தான்.

அவள் போர்வையை விலக்கி முகத்தைப் பார்த்தாள். தாடையில் ஒரு சோற்றுப் பருக்கைகூட இல்லை. நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். தலை இன்னும் ஈரமாக இருந்தது.

அவள் எழுந்திருக்கும்வரை காத்திருந்துவிட்டு நெட்டை மெல்லச் சொன்னான்: "அக்கா, பாலம் இடிஞ்சு போனதுலருந்து இங்க வண்டி வர வழியில்ல. பைக்குல வச்சுக் கட்டிக் கொண்டுபோனா... அவர அப்படி உலுக்கிக் கொண்டுபோக எனக்கு மனசு கேக்கல. ஆத்து வழியா ஏழு கிலோமீட்டர். இறங்குற இடத்துல ஆஸ்பத்திரி வண்டி நிக்குது. நான் ஓட்டுறேன். நீங்க தம்பியோட பைக்குல அங்க வந்துடுங்க."

"நானும் படகுலதான் வருவேன்."

"அக்கா, வழியில ரெண்டு பெரிய சுழிப்பு இருக்கு."

"இருபத்திரண்டு வருஷம் கேட்டுட்டேன். அவரு ஓட்டுற படகுல நான் ஏறக் கூடாது, அவ்வளவுதானே? இன்னைக்கு ஓட்டுறது அவரு இல்லையே."

நெட்டை கொழுந்தனைப் பார்த்தான். கொழுந்தன் பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு துடுப்பை எடுத்தான். "அண்ணிக்கும் ஒண்ணு குடு. ஒரு பக்கம் மட்டும் போட்டா படகு சுத்தும்."

அவருடைய லைஃப் ஜாக்கெட்டை அவருக்கே மாட்டினார்கள். படகு கவிழ்ந்தால் அவரும் மிதக்க வேண்டுமே. இடது தோள்பட்டை நாடா அறுந்து, சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "நாலு நாளா கழட்டிக் குடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. ஊர் உலகத்துக்கெல்லாம் நான் தைக்கிறேன், வீட்டு ஆளு கயித்தக் கட்டிக்கிட்டுத் திரியிறாரு பாரு." சேலைத் தலைப்பில் எப்போதும் குத்தியிருக்கும் நூல் கோத்த ஊசியை உருவி, அவர் தோளருகே மண்டியிட்டுத் தைத்தாள். மெஷின் தையல்போல நெருக்கமாக, இரட்டை வரிசை. ஆண்கள் இருவரும் அதற்குள் படகை நீருக்கு இழுத்துவைத்தார்கள். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்த பிறகுதான் அவரைத் தூக்கினார்கள்.

படகின் நடுவில் அவர். முன்னால் இடப்பக்கம் அவள், வலப்பக்கம் கொழுந்தன். பின்விளிம்பில் நெட்டை.

"விழுந்தா நிக்கப் பாக்காதீங்க அக்கா. கால முன்னால நீட்டி மல்லாந்து கிடங்க. நான் வந்து எடுத்துடுவேன்."

"ம்."

ஆறு முதலில் சாதுவாகத்தான் போனது. பிறகு ஒரு வளைவில் இரைச்சல் எழுந்து, மற்ற சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. "போடுங்க! விடாமப் போடுங்க!" என்று நெட்டை கத்தினான். படகின் மூக்கு உயர்ந்து, பொத்தென்று விழுந்தது. தண்ணீர் முகத்தில் அறைந்தது. அவள் கத்தினாள். பயத்தில் கத்தினாளா, அழுதாளா, இரண்டும் இல்லாமல் வெறும் குதூகலமா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இதுதானா, தினமும் இங்கேதான் இருந்தீர்களா, என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. திரும்பி அவரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தாள். போர்வை நனைந்து அவர் மேல் ஒட்டியிருந்தது.

இரண்டாவது சுழிப்பு இன்னும் பெரியது. அதையும் தாண்டிப் படகு அகலமான, ஆழமான நீருக்குள் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. பெரிய சுழிப்பைத் தாண்டியதும் படகில் எத்தனை பேர் மிச்சம் என்று பார்ப்பது படகோட்டி வழக்கம். முன்னாலிருந்து ஒவ்வொருவராகத் தன் எண்ணைச் சொல்ல வேண்டும், கடைசி எண் ஓட்டுகிறவனுடையது. நெட்டை முகத்து நீரை வழித்துவிட்டு, வருஷக்கணக்கான பழக்கத்தில் குரல் கொடுத்துவிட்டான்:

"எண்ணுங்க!"

"ஒண்ணு," என்றாள் தையல்காரி.

"ரெண்டு," என்றான் கொழுந்தன்.

அடுத்த எண் நடுவில் கிடந்தவருடையது. தான் செய்த தப்பு நெட்டைக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ அக்கா," என்றான். படகு தானாக மெல்லத் திரும்பியது. கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"மூணு," என்றாள்.

பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நாலு," என்றான் நெட்டை.

தூரத்துக் கரையில் ஆஸ்பத்திரி வண்டி வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் இரண்டு பேர் கையசைத்தார்கள். கொழுந்தன் துடுப்பை நீரில் போட்டான். அவளுக்கு இப்போதே கரை சேர மனசில்லை. தன் துடுப்பைத் தூக்கி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள். ஒரு பக்கம் மட்டும் இழுத்ததில் படகு சுற்றத் தொடங்கியது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு அவனும் துடுப்பை நீரிலிருந்து எடுத்துவிட்டான்.