தினமும் சாகும் அபிமன்யு

காலையில் டீ ஆறுவதற்குள் அபிமன்யு செத்துப்போயிருப்பான். சாயங்காலம் தரமணியிலிருந்து பறக்கும் ரயிலில் மந்தைவெளிக்குத் திரும்பும்போது சிம்ரா அவனைப் பிழைக்க வைப்பாள். மறுநாள் விடிந்ததும் போனைத் திறந்தால், பாவிப் பிள்ளை, மறுபடி செத்துக் கிடப்பான். அந்த வாரம் தொடங்கியதிலிருந்தே இதே கூத்துதான்.

விஷயம் இதுதான். 'பதினெட்டு நாள்' என்று ஒரு வீடியோ கேம். பாரதப் போரை வைத்துச் செய்தது. படைகளை நகர்த்த வேண்டும், வியூகம் வகுக்க வேண்டும். கதையில் நடந்தபடியே எல்லாம் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சாமர்த்தியம் இருந்தால் கர்ணனைக்கூடத் தம்பிகள் பக்கம் இழுத்துவிடலாம். இந்த விளையாட்டைப் பற்றித்தான் இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தாள் சிம்ரா. ஏதோ நாலு வரி கிறுக்கிவிட்டு வந்த கட்டுரை இல்லை அது. வரிக்கு வரி சான்று, கீழே அடிக்குறிப்பு என்று ஆபீஸ் வேலைக்குக்கூடக் காட்டாத சிரத்தையைக் கொட்டி எழுதியது.

அதில் ஒரு வரி இப்படி இருந்தது: 'பதின்மூன்றாம் நாள், ஜயத்ரதன் வாசலை அடைப்பதற்கு முன்பே பீமனை வியூகத்துக்குள் நுழைத்துவிட்டால் அபிமன்யு உயிரோடு வெளியே வரலாம்.' விளையாட்டு இதழ் ஒன்றில் வந்த விமர்சனம் இதற்குச் சான்று. யாரோ ஒரு புண்ணியவான் விடிகாலையில் வந்து அதை அழித்துவிட்டு, 'அபிமன்யுவால் வெளியே வர முடியாது' என்று எழுதினார். சும்மா எழுதவில்லை, சான்றும் கொடுத்தார்: மகாபாரதம், துரோண பர்வம். கலைக்களஞ்சியத்தில் சான்றுதான் ராஜா. அவள் கையில் இருப்பது ஒரு பத்திரிகை விமர்சனம், அந்த மனிதர் கையில் இருப்பது வியாசர். இதற்கு மேல் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டுரை கலைக்களஞ்சியத்தின் முதல் பக்கத்தில் வருவதாக இருந்தது. அவள் அம்மா அஸ்மத்துன்னிசா, வீட்டில் அம்மி, அதை ராயப்பேட்டையிலிருந்து பல்லாவரம் வரை இருக்கிற அத்தனை சொந்தக்காரர்களுக்கும் சொல்லி, பிரியாணிக்கும் அழைத்துவிட்டாள். எப்போது பார்த்தாலும் போனைத் தேய்க்கிறாள் என்று இரண்டு வருஷமாகப் பேச்சு வாங்கியவள் சிம்ரா. ஒரே ஒரு நாள் அத்தனை பேரும் அதைப் பார்த்து வாயடைத்து நிற்க வேண்டும் என்று அவளுக்கு அடங்காத ஆசை.

புதன்கிழமை மத்தியானம் ராஜரத்தினம் கூப்பிட்டார். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், கலைக்களஞ்சியத்தின் நிர்வாகிகளில் ஒருவர், சரியான கறார் பேர்வழி. சண்டை நடக்கும் கட்டுரையை முதல் பக்கத்தில் போடுவதில்லை என்பது விதி. அன்று காலையிலும் அந்த மனிதர் அபிமன்யுவைக் கொன்றுவிட்டுப் போயிருந்தார். இனி சிம்ரா அதை ஒரு தரம் மாற்றினாலும் ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் கொடுக்காய்ப்புளி பற்றிய கட்டுரைதான் வரும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கொடுக்காய்ப்புளியிடம் தோற்பதா? சிம்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டுரையைப் பற்றி வாதாடுவதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில், ஐயா நீங்கள் யார், உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டாள். அரை மணியில் பதில் வந்தது. விளையாட்டுக்காக இதிகாசத்தைத் திருத்த எவருக்கும் அதிகாரம் இல்லை என்று தொடங்கி, பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதிப் பழகியவர்கள் செய்வதுபோலவே முழு விலாசத்தோடு முடிந்திருந்தது: 'இங்ஙனம், டாக்டர் ஸ்ரீனிவாசராகவன், பல் மருத்துவர், ஆர்.கே. மடம் சாலை, மயிலாப்பூர். மாலை ஐந்து முதல் எட்டு வரை.'

அடப் பாவமே, நடந்தே போகிற தூரம்.

போகலாமா என்று ரயில் முழுக்க யோசித்தாள். உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது, அதை மறைப்பானேன். கலைக்களஞ்சியத்தில் அவள் பெயர் 'மந்தைவெளிவாசி'. நேரில் போனால் சிம்ரா என்று சொல்ல வேண்டும். எங்கள் பாரதத்தைப் பற்றி எழுத நீ யார் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்? யாரும் இதுவரை கேட்டதில்லை. ஆனாலும் ஒருவர் கேட்டால் போதுமே, ஆசையாக எழுதியது அத்தனையும் கசந்துபோகும். மந்தைவெளியில் இறங்கி, வீட்டுக்குப் போகும் தெருவைத் தாண்டி, அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

கிளினிக் வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது டாக்டரின் மனைவி கோமளம். எந்தப் பல் என்று கேட்டாள்.

"பல் இல்ல மேடம். அபிமன்யு."

கோமளம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது நீதானா? உள்ள போம்மா. கார்த்தால எழுந்து காபிகூடக் குடிக்காம அதைத்தான் தட்டிண்டு உக்காந்திருக்கார். எனக்காகவாவது ஒரு முடிவு கட்டிட்டுப் போ."

உள்ளே உட்கார வேறு இடம் இல்லை. நோயாளிகளைச் சாய்க்கிற நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருந்தது. முகத்துக்கு மேலே விளக்கு, பக்கத்தில் ஊசியும் இடுக்கியும். இப்படிச் சாய்ந்து கிடந்துகொண்டு ஒருவரிடம் நியாயம் கேட்பது லேசில்லை. பெயரைச் சொன்னாள். டாக்டர் தலையாட்டினார். அந்தப் பெயர் அவருக்கு எந்தக் குறுக்குக் கேள்வியையும் கொடுத்ததாகத் தெரியவில்லை. மனிதருக்கு இருந்த வழக்கெல்லாம் அபிமன்யு மேல்தான்.

சிம்ரா போனில் விளையாட்டைத் திறந்து, பதின்மூன்றாம் நாளைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

"சார், அந்தக் கட்டுரை பாரதத்தப் பத்தி இல்ல. பாரதத்த வச்சு செஞ்ச விளையாட்டப் பத்தி. நீங்களே ஆடிப் பாருங்க. அப்பவும் அவன் வரமாட்டான்னு தோணிச்சுன்னா நீங்க எழுதினதே இருக்கட்டும். நான் கை வைக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்தோம் என்று உறைத்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு ஆடத் தொடங்கினார். ஆள் சாமானியப்பட்டவர் இல்லை, எந்தத் தேர் எங்கே, எந்த வீரன் யாருக்குப் பின்னால் என்று பர்வத்தில் உள்ளபடி அச்சுப் பிசகாமல் நிறுத்தினார். அபிமன்யு உள்ளே போனான். ஜயத்ரதன் வாசலை அடைத்தான். கொஞ்ச நேரத்தில் பையன் தேர்ச் சக்கரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு தனியாக நின்றான், விழுந்தான்.

ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் வரும் என்று எதிர்பார்த்தாள். அது வரவில்லை.

"பாத்தியா, போயிட்டான்" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"பீமன ஏன் சார் வெளிய நிறுத்துனீங்க?"

"அவன் அங்கதானே நிப்பான்?"

சிம்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதை தெரியாதவன் ஆடியிருந்தால்கூடத் தப்பித்தவறி ஜெயித்திருப்பான். இவர் தெரிந்த கதையை அப்படியே போட்டு, அந்தப் பிள்ளையை நேராக வியூகத்துக்குள் அனுப்பியிருக்கிறார். சொன்னாள். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசுல கோயில்ல பாரதம் சொல்லுவா. இந்தக் கட்டம் வந்தா நான் எழுந்து வெளியில வந்துடுவேன், தாங்காது. அவன் வரமாட்டான்னு அழுது அழுது மனசைத் தேத்திண்டவன் நான். இப்ப நீ வந்து, வரலாம்னு ஒரே வரியில எழுதிட்டே."

வெளியே ஒருவர் வீங்கிய கன்னத்தோடு முனகினார். விளையாட்டின் பெயரைக் கேட்டுத் தன் போனில் இறக்கிக்கொண்டு, டாக்டர் அவளை அனுப்பிவைத்தார்.

வியாழன் சத்தமில்லை. வெள்ளியும் அப்படியே. கட்டுரையில் அபிமன்யு செத்தே கிடந்தான். தப்பான வரியோடு கட்டுரை முதல் பக்கத்துக்குப் போகப்போகிறதே என்று சிம்ரா அடிக்கடி போனைத் திறந்து பார்த்தாள். கை வைக்க மாட்டேன் என்று சொன்ன வாய் ஆயிற்றே, சும்மா இருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் போன் முனகியது. டாக்டர் தன் வரியைத் தானே அழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தார்: 'பீமனை முதலிலேயே உள்ளே அனுப்பினால் வழி திறக்கும். அபிமன்யு உயிரோடு வெளியே வந்தான். சான்று: நானே பார்த்தேன்.'

சிம்ரா சமையலறை வாசலில் நின்றபடியே அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அதற்குள் ராஜரத்தினம் கூப்பிட்டுவிட்டார். நானே பார்த்தேன் என்பதெல்லாம் ஒரு சான்றா, சொந்த அனுபவம் செல்லாது என்று உனக்குத் தெரியாதா, உடனே அதை எடுத்துவிட்டுப் பழைய வரியைப் போடு, இல்லாவிட்டால் கொடுக்காய்ப்புளி என்றார். விதிப்படி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இரண்டு வருஷமாக அதே விதியைக் காட்டி எத்தனையோ பேருடைய வரிகளை அவளே கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருக்கிறாள்.

பின்னால் அம்மி நாளைய பிரியாணிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் பாத்தேன்னு எழுதியிருக்கார் சார். அவர் பாக்கலன்னு சொல்லி என்னால அழிக்க முடியாது. நீங்க வேணும்னா கொடுக்காய்ப்புளியப் போட்டுக்கங்க."

எதிர்முனையில் பாத்திரங்கள் உருண்டன. பிறகு அவர் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தங்கள் வந்து இறங்கின. சிம்ரா போனைத் தொடவே இல்லை. அவள் மாமா ஷஃபியுல்லாதான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தைத் திறந்து, "பதினெட்டு நாள்னு போட்டிருக்கு, இதானா?" என்றார். சிம்ரா பாய்ந்து போய்ப் பிடுங்கிப் பார்த்தாள். சத்தியமாக அதுதான், அவளுடைய கட்டுரை. கொடுக்காய்ப்புளி அடுத்த வாரத்துக்குப் போயிருந்தது. உள்ளே அந்த வரியும் அப்படியே இருந்தது. 'நானே பார்த்தேன்' மட்டும் போய், அந்த இடத்தில் கறாரான ராஜரத்தினம் சதுர அடைப்புக்குள் பொடி எழுத்தில், சான்றில்லாத வரியை வெட்டாமல் விட்டுவைக்கும்போது போடுகிற இரண்டு சொல்லை வைத்திருந்தார்.

அம்மி போனை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"அபிமன்யு உயிரோடு வெளியே வந்தான். சான்று தேவை." நிமிர்ந்தாள். "அப்டின்னா? யாரும் பாக்கலியா?"

"பாத்தவரு இருக்காரு அம்மி" என்றாள் சிம்ரா. "ஆர்.கே. மடம் ரோட்டுல. சாயங்காலம் அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும்."