ஏழு மணிக்கு ஏறும் எண்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கைபேசியில் தொடங்கியது. மன்னார்த் தீவின் பேசாலையில் செலீனா வீட்டுச் சுவரில் நான் மாட்டிவிட்ட சிறு கருவி, அறைக் காற்றின் தூசை அளந்து, கம்பியில்லாமலே என் செயலிக்கு அனுப்பும். செலீனாவின் மகள் டினோஜாவுக்கு எட்டு வயது. மூச்சிழுப்பு. எதனால் என்று கண்டுபிடிக்கத்தான் கருவி. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

2
கதைக்கு நான் எழுதிப்பார்த்த முதல் தொடக்கம்: "கடற்காற்று உப்பையும் சோகத்தையும் சுமந்து..." [வெட்டியாயிற்று. காற்றுக்கு ஏது சோகம்?]

இரண்டாவது: "செலீனாவின் கணவன் றெனால்ட் அன்று கடலுக்குப் போய்..." [முடிக்க முடியவில்லை. படகு மட்டும் கரைசேர்ந்தது. உடல் கிடைக்காததால் கல்லறையும் இல்லை.]

3
அதனால் செலீனா தினமும் இரவு ஏழு மணிக்கு அவன் படத்தின் முன் தேங்காய்ச் சிரட்டைக்கரியில் சாம்பிராணி போட்டு, மகளுடன் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்கிறாள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்றில் மெழுகுதிரி அணையாமலிருக்க ஒரு யன்னலைச் சாத்துவாள். செயலியில் இருபதில் நின்ற எண் முந்நூறுக்கு ஏறிச் சிவக்கும்.

(அடிக்குறிப்பு: றோட்டுத் தூசுதான் காரணம் என்று நினைத்து, மற்ற யன்னலையும் சாத்தச் சொன்னது நான். இதை எழுதாமல் விடப் பார்த்தேன்.)

4
புகைதான் காரணம் என்று விளங்கிய பிறகும் மூன்று வாரம் கதை எழுதிக்கொண்டிருந்தேனே தவிர, அவளிடம் சொல்லவில்லை. அதற்குள் டினோஜா இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். வெட்கமாக இருக்கிறது. கடைசியில் போனேன்.

"செலீனா, வெளித்தூசு இல்லையம்மா. சாம்பிராணிப் புகைதான்."

அவள் றெனால்டின் படத்தின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அவருக்கொரு கல்லறை இருந்தா அங்க போய்க் கொழுத்துவன். நான் எங்க போறது, சொல்லுங்கோ?"

"பிள்ளையை எண்டாலும் அந்த நேரம் வெளியில விடுங்கோவன்."

"ஏலாது அன்ரி," என்றாள் டினோஜா, மூச்சு வாங்க. "அப்பான்ர செபத்தில நானும் நிக்கோணும்."

5
முடிவு அ: செலீனா சாம்பிராணியை நிறுத்துகிறாள். [அதை எழுத எனக்கு யார் உரிமை தந்தது?]

முடிவு ஆ: அவள் நிறுத்தவில்லை, ஒரு நாள் பிள்ளை... [மாட்டேன்.]

நடந்தது இது. மறுநாள் ஏழு மணிக்கு எண் பன்னிரண்டு. பச்சை. அதற்கடுத்த நாளும் அப்படியே. சந்தோசத்தில் அழுதுவிட்டேன். பிறகுதான் உறைத்தது: சாம்பிராணியை நிறுத்தினாலும் பன்னிரண்டு காட்டும். கருவியைக் கழற்றி வேலியில் கொழுவினாலும் பன்னிரண்டு காட்டும்.

மன்னார் டவுனிலிருந்து பேசாலைக்குப் பஸ்ஸில் அரை மணித்தியாலம். நான்கு நாளாகியும் நான் போகவில்லை. பயம்.

நீங்கள் போங்கள். கருவி எங்கே தொங்குகிறது என்று தேடவேண்டாம். செலீனாவிடம் ஒன்றும் கேட்கவும் வேண்டாம். டினோஜாவின் முதுகில் காதை வைத்துப் பாருங்கள்.