ஓராள் வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. வாடகைக்கு எடுத்த ஒற்றை அறைக்கு வண்ணம் அடித்துப் பார்த்தேன். அதிலேயே என் சாமர்த்தியம் தெரிந்துவிட்டது.

என் தொழில் பல் செய்வது. பல் மருத்துவர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். நாங்கள் பட்டறையில் உட்கார்ந்து செயற்கைப் பல் செய்து திருப்பி அனுப்புவோம். அதனால் அக்கா வீட்டுக்காரர் எனக்குப் பல்லவன் என்று பெயர் வைத்தார். நாடு கிடையாது, நகரம் கிடையாது, பட்டத்து ராணியும் கிடையாது. நாற்பது வயதை நெருங்கியும் அப்பா அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்த பல்லவன்.

அந்த வீட்டை விட்டு நான் கிளம்பியதற்கு அம்மாவின் தையல்தான் காரணம். பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, தலையணை உறை என்று எதையாவது தைத்துக்கொண்டே இருப்பாள். முதலில் கூடத்தின் ஒரு மூலையில் இருந்த மெஷின் நடுக்கூடத்துக்கு வந்தது. பிறகு துணிச் சுருள்கள் என் அறைக்குள் வந்தன. ஒருநாள் காலையில் நான் போர்த்தியிருந்த போர்வையை அம்மா உருவிக்கொண்டு போனாள். அது போர்வை இல்லையாம், யாரோ ஓர் அம்மாள் வீட்டுத் திரையாம், அந்த அம்மாள் வாசலில் காத்திருக்கிறாளாம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

கிடைத்தது மூன்றாவது மாடியில் ஓர் அறை. அதன் ஒரு மூலைக்குச் சமையலறை என்று பெயர். நான் கவலைப்படவில்லை. தனியாக வாழும் ஆண்களுக்கான சிறிய, நேர்த்தியான வீடுகள் என்று கைப்பேசியில் ஏராளமாகப் படங்கள் பார்த்து வைத்திருந்தேன். அந்த வீடுகளில் வாளி கிடையாது, துடைப்பம் கிடையாது, காயப்போட்ட துண்டு கிடையாது. எல்லாப் படத்திலும் ஒருவன் கையில் கோப்பையுடன் ஜன்னலோரம் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பான். தொழில் பழக்கத்தில் நான் அவன் பல்லைப் பார்த்தேன்; சுமார்தான். ஆனால் அந்தத் தாடை! தாடையை வாங்க முடியாது, அவனுடைய நாற்காலியையாவது வாங்கலாம் என்று தோன்றியது.

சுவரில் ஆரம்பித்தேன். பல் நிறத்தில் எத்தனை வெள்ளை உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும் என்பதால் எந்த வெள்ளையும் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு சுவருக்குக் கருநீலம் சொன்னேன். வண்ணம் அடிக்க வந்தவர், "சார், குகை மாதிரி ஆயிடும்" என்றார். அதுதான் வேண்டும் என்றேன். அது மட்டும் சொன்னபடி நடந்தது. பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியதாயிற்று; அதற்காகக் கொக்கு மாதிரி கழுத்தை வளைத்து நிற்கும் ஒரு விளக்கு வாங்கினேன். அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் என் கண்ணில்தான் அடித்தது.

அடுத்தது கட்டில். பகலில் தூக்கிச் சுவரோடு சேர்த்து மூடிவிடலாம், இரவில் இறக்கிக்கொள்ளலாம். முதல் நாள் மூடும்போது தலையணையோடு நானும் பாதி உள்ளே போய்விட்டேன். அலமாரியில் மூன்று புத்தகங்களைப் படுக்க வைத்து மேலே ஒரு வழவழப்பான கல்லை வைத்தேன். படத்தில் அப்படித்தான் இருந்தது. கல் மேலே இருந்ததால் புத்தகங்களைப் படிக்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, குளியலறையின் மரத் தடுப்பை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டேன். என் செலவு என்பதால் வீட்டின் சொந்தக்காரர் பெருந்தன்மையாகச் சம்மதித்தார். தச்சர்தான் தயங்கினார்.

"கண்ணாடின்னா உள்ள நடக்கறது எல்லாம் தெரியுமே சார்."

"அறை பெரிசாத் தெரியும். நான் ஒருத்தன்தானே."

"யாராவது வந்தா?"

"யார் வரப்போறாங்க?" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அது பெருமைப்படும் விஷயமில்லை என்று தோன்றியது.

நாற்காலி ஒன்றே ஒன்று. தோல் உறை, சுழலும் கால், காலை நீட்டிக்கொள்ள முன்னால் ஒரு மெத்தைப் பலகை. கடைக்காரர் ஜோடியாக எடுத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்றார். ஜோடி என்ற சொல்லே எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் எடுத்து வந்தேன்.

எல்லாம் முடிந்த அன்று சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். ஒரு சுற்றுச் சுற்றினேன். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. கோப்பையில் இருப்பதைக் குடித்து முடித்த பிறகு அந்த ஆள் என்ன செய்வான் என்று எந்தப் படத்திலும் காட்டவில்லை. பட்டறையில் என்னோடு மெழுகில் பல் வடிக்கும் வேலை பார்ப்பவரை ஒரு விடுமுறை நாளில் அழைத்தேன். மனைவி, பிள்ளைகளோடு வந்தார். உட்கார இடமில்லாமல் எல்லாரும் கண்காட்சியில் நிற்பதைப் போல வரிசையாக நின்றார்கள். துணியை எங்கே காயப்போடுவீர்கள் என்று அவர் மனைவி கேட்டார். பதில் சொல்வதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர் அப்பாதான். ஒரு சாயங்காலம், கையில் ஒரு பையோடு வாசலில் நின்றார்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்றார்.

என்ன நடந்தது என்பதை அக்கா தொலைபேசியில் சொன்னாள். வீட்டில் அப்பாவுக்கென்று ஒரு பழைய நாற்காலி இருந்தது. கொஞ்ச நாளாக அதன் மேலும் துணி குவிந்திருந்தது. அப்பா துணியைத் தள்ளிவிட்டு உட்காருவார். அம்மா திரும்பக் கொண்டுவந்து வைப்பாள். அன்றைக்குத் தள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். துணிக்குள் ஊசி இருந்திருக்கிறது. எழுந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"இத்தனை வருஷத்துல அப்பா கோவிச்சுக்கிட்டுப் போனதே இல்லடா. ஊசிக்காகவா போவாரு?" என்றாள் அக்கா.

அப்பா குடிநீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. பாராட்டு அதைவிடக் குறைவு. அக்கா வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட "ம்" என்றுதான் சொன்னார். அதனால் அவர் அறையைச் சுற்றிப் பார்த்தபோது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருநீலச் சுவரை விரலால் தடவினார். கொக்கு விளக்கை ஏற இறங்கப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாகக் காலைத் தூக்கிப் பலகை மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லா இருக்குடா" என்றார்.

"எத்தனை நாள் வேணும்னாலும் இருங்கப்பா" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மறுநாள் காலையில் கண்ணாடிக் குளியலறையின் அருமை புரிந்தது. அவர் குளித்தால் நான் வெளியே போய் மாடிப்படியில் நிற்க வேண்டும்; நான் குளித்தால் அவர். நான் நிற்கும்போது படியேறிப் போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். அவர் நிற்கும்போது நின்று பேசினார்கள். நான் குடிவந்து யார் முகமும் தெரியாமல் இருந்த கட்டடத்தில், எந்த வீட்டில் யாருக்கு மூட்டு வலி, யார் பெண் வெளியூரில் படிக்கிறாள் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது.

கட்டில் அவருக்குப் போயிற்று. பெரியவரைத் தரையில் படுக்க வைக்க முடியுமா? எனக்கு, படத்தைப் பார்த்து வாங்கிய வட்ட விரிப்பு. மனிதன் நீளமானவன், விரிப்போ வட்டம். தலையை உள்ளே வைத்தால் கால் வெளியே. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள். அப்பா எதையும் பிடுங்கவில்லை. நானே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

ஒருநாள் அலமாரி முன்னால் நின்று, இந்தக் கல் எதற்கு என்று கேட்டார். அழகுக்கு என்றேன். கல்லை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். வெளிச்சம் பட்டதும் அது வேறு கல்லாகிவிட்டது. விளக்கையும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். அறை முழுவதும் மெல்லிய வெளிச்சம் பரவியது, என் கண்ணும் பிழைத்தது. இத்தனை படங்கள் பார்த்தும் எனக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று அவருக்குச் சும்மாவே வந்தது. நான் சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தால், "இந்த மாதிரி வீட்ல அப்படிப் போடக்கூடாதுடா" என்பார். யாருடைய வீட்டில் என்று கேட்க நாக்கு வரை வரும். விழுங்கிக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் பட்டறையில் மின்சாரம் போய் எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தேன். அப்பா சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, கையில் கோப்பையுடன் ஜன்னலோரம் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் இருந்த அதே நிற்பு. வயதுதான் ஒரு மடங்கு கூட. பல் மட்டும் நான் செய்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏன் சீக்கிரம் வந்துட்ட?" என்றார். விருந்தாளி கேட்கிற கேள்வி இல்லை அது.

நான் வட்ட விரிப்பில் உட்கார்ந்தேன். எப்போது வீட்டுக்குப் போவதாக உத்தேசம் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"ஊர்ல நான் போகாத வீடு கிடையாது. கேட்டைத் தொறப்பேன், பக்கவாட்டுல போவேன், குனிஞ்சு மீட்டரைப் பாத்து எழுதிக்கிட்டுத் திரும்பிருவேன். உள்ள வந்து உக்காருங்கன்னு யாரும் சொன்னதில்ல. சொல்லணும்னு அவசியமும் இல்ல. ரிட்டயர் ஆனப்புறம் நம்ம வீட்டுக்குள்ளயாவது உக்காரலாம்னு பாத்தேன்."

குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வந்தாள். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். அப்பாவைப் பார்க்காமல் அறையைப் பார்த்தாள்.

"சுவர் ஏன்டா இப்படி இருக்கு, புகை புடிச்சிருச்சா?"

"அது கலர்மா."

"இது என்ன, மீன் தொட்டியா?"

"குளியலறை."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அதிர்ச்சியா என்று தெரியவில்லை. இனி பெரிய சண்டைதான், எந்தப் பக்கம் பேசினாலும் எனக்கு அடி என்று நான் ஒதுங்கி நின்றேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். "உக்காரு" என்றார்.

அம்மா அரை மனதோடு நுனியில் உட்கார்ந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. பதறிக் கைப்பிடியைப் பிடித்தாள். அப்பா குனிந்து பலகையை இழுத்து அவள் காலடியில் வைத்தார். சாய்மானம் இல்லாத முக்காலியில் காலமெல்லாம் உட்கார்ந்த முதுகு அது. சண்டை போடத் தயாராக வைத்திருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. "என்னங்க..." என்று ஏதோ ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. தூங்கிவிட்டாள்.

நானும் அப்பாவும் சத்தம் போடாமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். அம்மாவின் குறட்டை கதவைத் தாண்டிக் கேட்டது.

"அவ பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்ல" என்றார் அப்பா. பிறகு, "நானும் ஒருநாள் எந்திரிச்சு இடம் குடுத்ததில்ல" என்றார்.

வெயில் படியில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தோம். அம்மா கதவைத் திறந்தாள். கன்னத்தில் அளவு நாடாவின் தடம் பதிந்திருந்தது.

"வீட்டுக்கு வர்றீங்களா இல்லையா?"

"நான் இங்கயே இருந்துக்கறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு வர்றேன்" என்றார் அப்பா.

அம்மா யோசித்தாள். கண் எங்கோ தூரத்தில் எதையோ அளந்தது. "அப்ப கூடத்துல துணி வெட்டுற மேசை போட்டுக்கலாம்" என்றாள்.

அவ்வளவுதான். நான் இத்தனை நாள் பயந்து செத்த விவகாரம் இரண்டு பேச்சில் முடிந்தது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள், இவன் ஒருவன் மிச்சம் இருக்கிறானே என்பதுபோல.

இது என் வீடு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதெல்லாம் நான் ஜன்னலைப் பார்த்ததில்லை, வாசற்கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. "நான் அங்க வந்துடறேன்மா" என்றேன்.

இப்போது நான் அம்மாவின் வீட்டில் வெட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் படுக்கிறேன். என் அறை முழுக்கச் சீருடைத் துணி. அப்பா சாயங்காலமானால் தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு சாப்பிட வருகிறார். அவர் வரும் நேரத்துக்கு அம்மாவும் மெஷினை நிறுத்திவிட்டு முகம் கழுவிக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வெடுக்கிறேன் என்று சொல்லி அவள் அங்கே போய்விடுகிறாள். மீன் தொட்டிக்கு நல்லதாக ஒரு திரை தைத்துக் கொண்டுபோனாள்.

"காதலிக்கற மாதிரி இருக்காங்கடா ரெண்டு பேரும். எனக்கே கூச்சமா இருக்கு" என்கிறாள் அக்கா. பல்லவன் கோட்டையை இழந்த வரலாற்றை அவள் வீட்டுக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் என் போர்வையை எடுத்துவரப் போனேன். மணி அடித்துவிட்டு வெளியே நின்றேன். அப்பா கதவைத் திறந்து, "ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா?" என்றார். செருப்பை வெளியே விட்டேனா என்று பார்த்தார். உள்ளே போய் நின்றுகொண்டே தேநீர் குடித்தேன். அறை அழகாக இருந்தது. பொறாமையாகக்கூட இருந்தது.

கிளம்பும்போது அவரே ஆரம்பித்தார். கீழ்மாடியில் ஓர் அறை காலியாகப் போகிறதாம். படியில் பேசும்போது தெரிந்ததாம்.

"உனக்குக் கேட்டுச் சொல்லட்டுமா? நீ எதையும் வாங்கிட்டு வந்துறாத. எது எங்க இருக்கணும்னு நான் பாத்துக்கறேன்."

சரிப்பா என்றேன். வேறென்ன சொல்ல?