புள்ளிக்குப் பின்னால் ஏஞ்சல்

செம்பூர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வந்தனா ஒரு மணி நேரமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்காக அவள் செய்துகொண்டிருந்தது, எந்த வெப்சைட்டிலும் சொருகிவிடக்கூடிய ஒரு வியூவர். பி.டி.எஃப்., படம், எக்ஸெல், பாட்டு, எதைக் கொடுத்தாலும் பிரௌசருக்குள்ளேயே திறந்து காட்டிவிடும். "உன் பழைய ஃபிளாப்பியக்கூடக் காட்டும்மா" என்று போன வாரம் பெருமை பீற்றிக்கொண்டதுதான் தப்பாகப் போயிற்று. அம்மா விஜயலக்ஷ்மி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அப்பளம்போல் வளையும் அந்தப் பெரிய ஃபிளாப்பி முப்பத்து மூன்று வருஷமாகப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது. லாமிங்டன் ரோட்டு கம்ப்யூட்டர் கடைகளில் ஒருவரைப் பிடித்து, அதில் இருந்ததை பென்டிரைவில் ஏற்றி வாங்கியாயிற்று. உள்ளே இருந்தது ஒரே ஒரு கோப்பு.

பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் விஜயலக்ஷ்மிக்கும் தாராவி ஏஞ்சலம்மாளுக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. பேசினால் மேனேஜருக்கு மூக்கில் வியர்த்துவிடும். அதனால் இருவரும் கம்ப்யூட்டரில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி, ஃபிளாப்பியை மாற்றிக்கொள்வார்கள். மேனேஜர் குனிந்து பார்த்தாலும் ஒரு மண்ணும் புரியாது. மாமியார் கதை, ரயிலில் நடந்த சண்டை, எதிர் மேஜைக்காரரின் புது மீசை, ஒன்றையும் விட்டதில்லை. எப்பேர்ப்பட்ட நாட்கள்! கறி தொடாத விஜிக்காகவே செவ்வாயும் வெள்ளியும் ஏஞ்சல் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு கொண்டுவருவாள். விஜியின் சாப்பாட்டு டப்பாவைக் கேட்காமலே இழுத்துக்கொள்வாள்.

பிறகு ஆபீஸில் ஆள் குறைத்தார்கள். இருவரில் ஒருத்திதான் மிச்சம். மேனேஜர் விஜியைக் கூப்பிட்டு, நீ இருக்கிறாயா என்று கேட்டார், அவள் சரி என்றாள். ஒரு வாரம் அதை ஏஞ்சலிடம் சொல்லாமல் மென்று விழுங்கினாள். வெள்ளிக்கிழமை கைக்குழந்தை வந்தனாவுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டாள். திங்கட்கிழமை போனபோது ஏஞ்சல் மேஜை காலி, விஜி வைத்துவிட்டு வந்த டப்பாவும் காணோம். பியூன் இந்த ஃபிளாப்பியை மட்டும் நீட்டினான். அன்றைக்கே விஜியை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அங்கே எல்லாம் புது மெஷின், சின்ன ஃபிளாப்பிதான் நுழையும். ஏதோ ஆபீஸ் கடிதமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்குப் பயம். ஏஞ்சல் அதில் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தால்? கோபத்தோடுதான் போனாளா என்ற ஒரே கேள்வி அத்தனை வருஷமும் அவளை அரித்தது.

"சே!" என்றாள் வந்தனா. திரையில், இந்த வகைக் கோப்பைக் காட்ட முடியாது என்று எழுதியிருந்தது. "பேரு ROUGH. புள்ளிக்கு அப்புறம் ANG. அந்த மூணு எழுத்த வெச்சுத்தான் என் வியூவர் என்ன வகைன்னு கண்டுபிடிக்கும். ஆங்க்-னு ஒரு வகையே கிடையாதும்மா!"

விஜயலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அது வகை இல்லடி. அது ஏஞ்சல். யார் டைப் பண்ணினாளோ அவா பேரை அங்கே போடணும், அதான் எங்க ஆபீஸ் வழக்கம். என்னோடதெல்லாம் VJL."

வந்தனா தலையில் அடித்துக்கொண்டாள். "அரே, பேரைப் பாத்து முடிவு பண்ணினது என் தப்பு. உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

கொஞ்ச நேரம் தட்டினாள். எழுத்துகள் வந்தன, ஆனால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கோணிக்கொண்டு நின்றது. அந்தக் காலத்து சாஃப்ட்வேர் அப்படித்தான் எழுதுமாம். இன்னும் ஒரு வரி மாற்றியதும் எல்லாம் நேராயின. விஜயலக்ஷ்மி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள்.

"ஏட்டி விஜி, உன்ன வச்சிக்கிடுதாங்கன்னு எனக்குப் போன வாரமே தெரியும். நீ சொல்ல முடியாம முழிச்ச முழி இருக்கே, எனக்குச் சிரிப்பாணி தாங்கல. கைப்பிள்ளக்காரி, வேலைய விட்டுராத. நேருல சொல்லிட்டுப் போனா நீ அழுவ, நானும் அழுவேன், மேனேஜரு வேடிக்க பாப்பான். உன் டப்பா எங்கிட்டதான் இருக்கு. வெறும் டப்பாவா தர மாட்டேன். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா, சாப்புட்டுட்டு வாங்கிட்டுப் போ. அன்னைக்குக் கறி எடுக்கல. காத்திருப்பேன்."

விஜயலக்ஷ்மி பயந்து மூடிவைத்தது ஒரு விருந்துக்கான அழைப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை ஏஞ்சல் வாசலைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்திருப்பாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே?" என்றாள்.

ஏஞ்சலின் மகன் ஜெப்ரியின் ஞானஸ்நானத்துக்கு ஒரே ஒருமுறை போன வீடு. தாராவி தொண்ணூறடி ரோட்டில் ஆட்டோவை நிறுத்தி, சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் நுழைந்தாள். ஆள் இருக்கிறாளோ இல்லையோ. ஒற்றை அறை வீடு இப்போது இரண்டு மாடியாக நின்றது. வாசலில் ஜெப்ரியின் மனைவி ரெபேக்கா, "யாரு வேணும்?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால், சுவரோரம் உள்ளி உரித்துக்கொண்டிருந்த நரைத்த தலை நிமிர்ந்தது.

ஏஞ்சலம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அலமாரியில், மூடியில் வி.ல. என்று பெயர் வெட்டிய டப்பா உப்பு நிறைந்து உட்கார்ந்திருந்தது.

"ஏஞ்சல், நான் நேத்திக்குத்தான் படிச்சேன்" என்றாள் விஜயலக்ஷ்மி.

ஏஞ்சலம்மாள் உள்ளியைக் கீழே வைத்தாள். வாசலில் நின்ற மருமகளுக்குக் குரல் கொடுத்தாள்.

"எம்மா ரெபேக்கா, கறிச்சட்டிய எறக்கி வையி. கத்திரிக்கா கெடக்கான்னு பாரு, விஜி வந்துட்டா."