சீதன வீட்டு முன்னறை

"வேலை வேணாமெண்டு நீங்கதானே கடிதம் அனுப்பினீங்க, நிப்லா?"

கம்பனி முகாமையாளர் இமக்குலேற் தொலைபேசியில் கேட்டபோது நிப்லாவின் கையில் கழுவிய அரிசிச் சட்டி இருந்தது. அதை அப்படியே கீழே வைத்தாள். அவள் எந்தக் கடிதமும் அனுப்பவில்லை.

"அப்ப வேலை ஆருக்கு மிஸ்?"

"ஒங்கட கணவருக்குத்தான். நீங்களே அவரச் சிபாரிசு செஞ்சிருந்தீங்களே."

கல்முனை வட்டாரத்து விவசாயிகள் பயிர் நோயைப் பற்றிக் கைபேசியில் கேட்டால் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லும். அதுதான் அந்தக் கம்பனியின் தொழில். புத்தகத்தில் உள்ள பூச்சியெல்லாம் அதற்குத் தெரியும். கபிலத் தத்திப் பூச்சியை ஊர்ப் பேச்சில் 'அறக்கொட்டி விழுந்திட்டு' என்று வயற்காரப் போடியார் ஒருவர் சொன்னால் மட்டும் திருதிருவென்று விழிக்கும். கணவன் றிஷாட் அங்கே வெளிக்கள உத்தியோகத்தன். அவன் கொண்டுவந்த பிழையான பதில்களை எட்டு மாதம் வீட்டிலிருந்தே திருத்தியவள், விவசாய டிப்ளோமா முடித்த நிப்லா. எந்தக் கேள்வியில் மெஷின் சறுக்கும் என்பது அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. திருத்தும் கை யாருடையது என்று கண்டுபிடித்த இமக்குலேற்தான், ஆலோசனைப் பொறுப்பாளர் வேலைக்கு அவளையே விண்ணப்பிக்கச் சொன்னார்; அவளும் விண்ணப்பித்திருந்தாள்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த றிஷாட் மறுக்கக்கூட இல்லை.

"ஓம், நான்தான் அனுப்பின. மெஷினுட்டச் சொன்னா ஒரு நிமிசத்தில எழுதித் தருது. பொண்டாட்டிக்குக் கீழ நான் வேலை செய்யிறதா? ஊர் என்ன கதைக்கும்?"

ஊருக்குத்தான் எத்தனை கவலை! நம்பியவனே கழுத்தறுத்துவிட்டானே என்று நிப்லாவுக்கு நெஞ்சு கொதித்தது. வாப்பாவாவது கேட்பார் என்று தகப்பன் அபூசாலியைக் கூப்பிட்டாள். வந்தவர் மருமகனின் முகத்தைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"விடு மகள். வயல வித்து, வீடு கட்டிக் குடுத்து எடுத்த மாப்பிள்ள. மனச நோகடிக்கப்படா."

முதல் துரோகத்தைவிட இது அதிகமாக வலித்தது.

ஆனால் 'வீடு' என்ற சொல் அவளுக்குள் தங்கிவிட்டது. ஆறு வருடத்துக்கு முன், அத்திவாரம் போடும்போதே வந்து நின்று முன்னறையைப் பெரிதாக்கச் சொன்னவர் றிஷாட்டின் உம்மா சரீபா. "என்ட மகனப் பாக்க நாலு பெரிய ஆக்கள் வருவாங்க" என்றார். ஊர் வழக்கப்படி வீட்டு உறுதிப் பத்திரம் மட்டும் பெண்ணின் பெயரில் எழுதப்பட்டது.

அடுத்த திங்கட்கிழமை வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'நிப்லா அபூசாலி, பயிர் ஆலோசனை'. இறக்காமத்திலிருந்தும் வீரமுனையிலிருந்தும் விவசாயிகள் நோய்ப்பட்ட நெற்பயிரைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். தன் கைபேசியிலும் அவள் மெஷினைக் கேட்டாள். அது சொன்னதைக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகே மருந்தைச் சொன்னாள்.

"ஆரக் கேட்டு இஞ்ச ஆக்கள எடுத்த?" என்று றிஷாட் பாய்ந்தான்.

"உறுதியில ஆர்ட பேர் இரிக்கெண்டு பாருங்க. முன்னறையப் பெரிசாக் கேட்டதும் ஒங்கட உம்மாதான்."

இரண்டு கிழமை அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் கிழமை, நல்ல சேட்டு உடுத்தி, கம்பனி அடையாள அட்டையோடு முன்னறையில் வந்து நின்றான். கைபேசியில் மஞ்சளாகிப்போன ஒரு வயலின் படம்.

"இதக் கொஞ்சம் பாரன், நிப்லா. மெஷின் ஒண்டச் சொல்லுது, போடியார் வேறொண்டச் சொல்றாரு. பின்னேரத்துக்குள்ள பதில் குடுக்கணும்."

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"முதல் வந்த ஆக்கள் இரிக்காங்க. கடைசிக் கதிரையில இரிங்க."

ஒரு வயோதிபர் அந்தக் கதிரையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கு இடம் விட்டார்.