பாஸ்கோ பண்ணைக்கு வந்த விருந்தாளி

மெர்வ் பாஸ்கோவின் பண்ணையில் ஈ பறந்தாலும் எனக்குத் தெரிந்துவிடுமாம். இங்கே அப்படி ஒரு பேச்சு. பக்கத்துப் பண்ணைக்காரி நான் என்ன, வேலி தாண்டியா எட்டிப் பார்க்கிறேன்? லாங்ரீச் ஊருக்கு மேற்கே எல்லா வண்டியிலும் எல்லாச் சமையலறையிலும் மைக் வைத்துப் பேசுகிற ரேடியோ உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசைதான். அவர்கள் பேசுகிறார்கள், நான் பாத்திரம் கழுவுகிறேன். காதைக் கழற்றி வைக்க முடியுமா?

மூன்றாவது வருடமாக மழை இல்லை. பாஸ்கோவின் பசுக்களுக்கு விலா எலும்பு எண்ணலாம், அந்த லட்சணத்தில் கன்றுகள் வேறு முட்டி முட்டிக் குடிக்கின்றன. பால் மறக்கடித்துக் கன்றுகளை லாரியில் ஏற்றி அனுப்பினால்தான் தாய்கள் மழை வரை தாங்கும். நெவிலின் லாரி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த முறைக்கு இன்னும் ஒரு மாதம். அதற்குள் பாதிப் பசுக்கள் படுத்துவிடும்.

இந்த நேரம் பார்த்துத்தான் மெர்வின் மனைவி கிளெனிஸ், கைச்செலவுக்காகும் என்று விருந்தாளிகளைத் தங்க வைக்க ஆரம்பித்திருந்தாள். மெல்பர்னிலிருந்து இமோஜென் என்று ஒரு பெண் வந்து இறங்கினாள். தலையில் ஒரு தொப்பி, அதன் நிழலில் நாலு ஆடு படுக்கலாம். வந்த அன்றே தாயில்லாத ஆட்டுக்குட்டி ஒன்றைப் புட்டிப்பாலோடு மடியில் வைத்துக்கொண்டு ‘புரூனோ’ என்று பெயரும் வைத்துவிட்டாள். ராத்திரி சாப்பாட்டில் ஆட்டு விலாவை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் அவள்தான். கேக் கொடுக்கிற சாக்கில் நானும் அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

புது ஆள் கிடைத்தால் மெர்வுக்கு வாய் நிற்காது.

"மாட்ட வெரட்டிப் புடிக்கிறதெல்லாம் சினிமாக்காரன் வேல அம்மணி. நான் என்ன பண்றேன்? சுத்துவட்டாரத்துல அத்தன தொட்டிக்கும் தண்ணிய அடைச்சிடுவேன். பட்டிக்குள்ள ஒரு தொட்டியில மட்டும் விடுவேன். ஒருவழிக் கதவு. உள்ள வரலாம், வெளிய போக முடியாது. மாடு தானா நடந்து வந்து மாட்டிக்கும். அதுவே யோசிச்சு வந்த மாதிரி மூஞ்சிய வேற வச்சிக்கும்!"

"அடைச்ச தண்ணிய எப்படித் திறப்பீங்க?" என்றாள் அவள், கண்ணை விரித்து.

விட்டாரா மனிதர்! முள்கரண்டியைக் குழம்பில் தொட்டு மேஜைவிரிப்பிலேயே படம் வரைந்துவிட்டார். இது வீடு, இது பட்டி, இது ஆற்றுப்பக்கத்துப் பெரிய தொட்டி, இதோ சிவப்புச் சக்கரம், இந்தப் பக்கம் திருப்பினால் தண்ணீர். மேஜைக்கடியில் கிளெனிஸ் அவர் காலை உதைத்த சத்தம் எனக்கே கேட்டது. அவருக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமை மாடுகள் பட்டியில் வந்து மாட்டின. கன்றுகளைப் பிரித்து உள்பட்டியில் அடைத்துவிட்டு, பசுக்களை வெளியே விட்டார்கள். தாய் அங்கே கத்த, கன்று இங்கே கத்த, ஒரே கூப்பாடு. எங்களுக்கு அது வருடா வருடம் கேட்கிற சத்தம். இமோஜெனுக்குத் தாங்கவில்லை. எல்லோரும் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது போய் உள்பட்டிக் கதவையும் வெளிக்கதவையும் திறந்துவிட்டாள்.

ரேடியோவில் மெர்வ் சிரித்தார். "போகட்டும் போகட்டும். எங்க போயிடும்? தண்ணி இங்கதான இருக்கு. நாளைக்கு சாயங்காலம் கியூவுல வந்து நிக்கும் பாருங்க."

வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு செம்மறி ஆடுகள் வந்து குடித்துவிட்டு உள்ளேயே மாட்டிக்கொண்டன. வேறெதுவும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கிளெனிஸின் குரல்.

"மெர்வ், ஆத்துத் தொட்டி நெறஞ்சு வழியுது. மாடு பூரா இங்கதான் படுத்திருக்கு, கன்னுங்களோட."

"எவன் தொறந்தான்?"

"எவனுமில்ல. உன் சிஷ்யை. பாவம், தாகத்தோட நடக்குமேன்னு தொறந்தாங்களாம். படம் போட்டுக் காட்டினது நீதானாம்."

நான் தட்டைத் துடைத்தபடியே சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

தண்ணீரை உடனே அடைத்தார்கள். வயிறு முட்டக் குடித்த மாடு மறுபடி தாகமெடுத்துப் பட்டிக்கு நடந்து வர இரண்டு நாளாவது ஆகும். அந்த வெயிலில் பைக்கில் விரட்டினால் நோஞ்சான் பசு வழியிலேயே விழுந்துவிடும். வெள்ளிக்கிழமை காலையில் நெவில் வந்து நின்றபோது உள்பட்டியில் சாணிதான் இருந்தது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறு மேட்" என்று மெர்வ் கெஞ்சியது எல்லா வீட்டிலும் கேட்டிருக்கும்.

"முடியாது மெர்வ், அடுத்த எடத்துல ஆள் காத்திட்டிருக்கான். காலி வண்டிய ஓட்டிட்டுப் போக எனக்குக் கட்டுப்படியாகாது. இந்த ரோட்டுல யார்கிட்டயாவது ஏத்துறதுக்கு..."

அவர் முடிப்பதற்குள் நான் மைக்கை எடுத்துவிட்டேன். "நெவில், எங்க கன்னுங்க பட்டியிலதான் நிக்குது. பால் மறந்து பத்து நாளாச்சு. வாங்க."

என் வீட்டுக்காரர் டெஸ் செருப்பைத் தேடிக்கொண்டே வந்தார். "இது அவங்க முறை. நம்மது அடுத்த மாசம்டி."

"முறை இருக்கு. மாடு எங்க?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டிக்குப் போனார். ரேடியோவில் கிளெனிஸ் வந்தாள்.

"நீ இவ்வளவு நேரமும் கேட்டுக்கிட்டுதான் இருந்தியா?"

"இல்லம்மா, இப்பத்தான் போட்டேன்."

"போட்டிருப்ப, போட்டிருப்ப."

எங்கள் கன்றுகள் ஏறிப் போயின. அன்று மதியமே இமோஜெனும் கிளம்பினாள். தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைத்த திருப்தி முகமெல்லாம் வழிந்ததாம். புரூனோவுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, மெர்வின் கையைப் பிடித்துக் குலுக்கி, "இது என்னைக்கும் மறக்காது" என்றாளாம். தனக்கும் மறக்காது என்று மெர்வ் சொன்னாராம்.

இப்போது அவர் தினமும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய் வறட்சியிலும் பச்சையாக நிற்கிற முல்கா மரங்களை வெட்டித் தழை போடுகிறார். ரம்பச் சத்தம் கேட்டாலே பசுக்கள் தள்ளாடிக்கொண்டு வருகின்றன. அவற்றின் மடியில் கன்றுகள் இன்னும் முட்டிக்கொண்டிருக்கின்றன. எத்தனை விழுந்தன என்று மெர்வ் ரேடியோவில் சொல்வதில்லை, கிளெனிஸும் வாயைத் திறப்பதில்லை. நான் நேரில் போய்த்தான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.