அண்ணாச்சி தப்புச் சொல்லமாட்டார்

நரையண்ணாச்சி தவறாகச் சொல்வதில்லை. இந்த விதியை யாரும் எழுதிவைக்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் எடுத்துச் சொன்னதுமில்லை. ஆயினும், இராஜபாளையத்தில் ஒரு செருப்புக்கடையின் மாடியிலிருந்து ஒளிபரப்பான அந்த உள்ளூர்த் தொலைக்காட்சியில் கேமரா பிடிப்பவர் முதல் டீ கொண்டுவருபவர் வரை அனைவரும் அதற்குக் கட்டுப்பட்டே நடந்தார்கள்.

நரையண்ணாச்சி ஓர் அணில். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேலே மலைக்காட்டில் வாழும் நரை அணிலின் சாயலில், சாம்பல் நிறத் துணியில் தைத்த கைப்பொம்மை. சனிக்கிழமைதோறும் மாலை ஐந்தரைக்கு ‘அண்ணாச்சியைக் கேளு’ நேரலையாக வரும். மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் செல்வலட்சுமி ஏதாவது ஒன்றைத் தவறாகச் சொல்லவேண்டும். வௌவால் முட்டையிடும் என்பாள், ஒரு கிலோ பஞ்சைவிட ஒரு கிலோ இரும்பு கனம் என்பாள். மேசை விளிம்பில் நிற்கும் அண்ணாச்சி வாலை இருமுறை உதறி, “தப்பு, செல்வி, தப்பு!” என்பார். நிகழ்ச்சியின் முழுக் கட்டமைப்பும் இதுதான். மூன்றாண்டுகளில் அது ஊருக்குள்ளும் இறங்கிவிட்டது. செல்வலட்சுமி சந்தையில் தக்காளி விலை கேட்டாலும், பக்கத்தில் நிற்கும் ஏதாவதொரு பிள்ளை “தப்பு, செல்வி!” என்று கத்தும். அவளும் சிரித்தபடி தலையில் தட்டிக்கொள்வாள்.

மேசைக்குக் கீழே, ஒரு பழைய தலையணையின்மீது முழந்தாளிட்டு, வலக்கையை உயர்த்தியவாறு இருப்பவர் சமுத்திரம். மற்ற நாட்களில் அதே நிறுவனத்தின் கேபிள் லைன்மேன். கம்பத்துக்குக் கம்பம் ஏணியோடு திரிகிறவர். நாற்பத்தொரு வயது மனிதருக்குப் பொருந்தாத மெல்லிய, கீச்சென்ற குரல். பள்ளியில் அவரைப் படாதபாடு படுத்திய அந்தக் குரலே இப்போது அண்ணாச்சியின் குரல்.

ஒருமுறை நேரலையில் ஏழேழு எத்தனை என்று செல்வலட்சுமி கேட்க, சமுத்திரம் தடுமாறி “நாப்பத்தெட்டு” என்றுவிட்டார். மறுகணமே அவள், “ஐயோ, எட்டாறுன்னு கேக்க வந்து ஏழேழுன்னு கேட்டுட்டேனே! அண்ணாச்சிக்கு என் மனசுல உள்ளது எப்படித்தான் தெரியுதோ!” என்றாள். நிகழ்ச்சி முடிந்தபின் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தவறு எங்கு நேர்ந்தாலும் அது செல்வியின் கணக்கில்தான் சேரும்.

ஒரு திங்கட்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டு மாடியில் அறுந்த வயரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, சமுத்திரம் கீழே நின்றவரிடம் “ஏணிய செத்த பிடிங்க” என்றார். ஏணியைப் பிடித்த பெண் அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் பெயர் பிரிஸ்கில்லா. மருத்துவமனை ஒன்றில் நர்ஸ்.

“நீங்கதான் அந்த அணிலா?”

சமுத்திரம் வயரைப் பிடித்தபடி தலையசைத்தார்.

“உங்கள எங்க போய்த் தேடன்னு இருந்தேன். அந்த உப்புத்தண்ணிப் பாட்டு நீங்க எழுதுனதா?”

“ஆமா. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.”

“அது தப்புங்க. எதையாவது விழுங்குன பிள்ளைக்கு உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அதுலயும் சீமெண்ணெயா இருந்தா, வெளிய வரும்போது மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிரும். உள்ள போனதவிடத் திரும்பி வாரதுதான் ஆளக் கொல்லும். எங்க வார்டுக்கு வந்து பாருங்க, தெரியும்.”

சமுத்திரம் ஏணியிலேயே நின்றார். சிறுவயதில் எதையோ தின்றுவிட்டபோது அவர் அம்மா செய்த வைத்தியம் அது. அவர் பிழைத்துக்கொண்டதால் அது சரியென்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையைத்தான் நாலு வரிப் பாட்டாக்கி, உருமி அடித்து அண்ணாச்சியின் குரலில் பாடி, தினமும் மாலையில் ஒளிபரப்பும்படி கொடுத்திருந்தார்.

அன்று மாலையே நிறுவனத்தின் உரிமையாளர் கௌதம்ராஜிடம் சொன்னார். கௌதம்ராஜ் முப்பது வயதுக்காரர். பிள்ளைகள்மீது உண்மையான அக்கறை உள்ளவர். நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “அய்யோ தேவுடா” என்றார். பிறகு நெடுநேரம் யோசித்தார்.

“பாட்ட இன்னைக்கே நிறுத்திருவோம்ணே. ஆனா அண்ணாச்சி தப்புச் சொல்லிட்டாருன்னு மட்டும் வெளிய சொல்ல வேண்டாம். நாளைக்கு வாய்ப்பாட்டச் சொன்னாலும், இதுவும் தப்போன்னு பிள்ளைக நினைக்கும். அதுக நம்புறதே அவரு ஒருத்தரத்தான். நாளானா பாட்டு தானா மறந்துரும்.”

சமுத்திரம் தலையசைத்தார். அந்த வாதம் தனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை அவர் உணராமலில்லை. செல்வலட்சுமியிடம் மட்டும் இருவரும் விஷயத்தைச் சொல்லிவைத்தார்கள்.

அடுத்து வந்த முதல் சனிக்கிழமை ஒன்றும் நேராமல் கழிந்தது. இரண்டாவது சனிக்கிழமை ஐந்தே முக்கால் மணிக்கு, விடுகதைப் பகுதியில், மூன்றாவது தொலைபேசி அழைப்பை இணைத்தார்கள்.

“வணக்கம், யாரு பேசுறது?” என்றாள் செல்வலட்சுமி.

“அனுசியா. சேத்தூரு.” ஒன்பது வயதிருக்கும் குரல், மூச்சு வாங்கியது. “அண்ணாச்சி இருக்காகளா? நான் விடுகதைக்குத்தான் லைன்ல காத்துக்கிட்டு இருந்தேன். இங்க தம்பி சீமெண்ணெயக் குடிச்சிட்டான்.”

மேசைக்குக் கீழே இருந்த சிறிய திரையில் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமுத்திரத்துக்குத் தன் வலக்கை தன்னுடையதாகத் தோன்றவில்லை. அதே நொடியில் திரை மாறி, ஜவுளிக்கடை விளம்பரம் ஓடத் தொடங்கியது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கௌதம்ராஜின் குரல் இயர்போனில் வந்தது: “விளம்பரம் போட்டுட்டேன். நாம பேசுறது இப்ப வெளிய போகாது. லைன் இருக்கு, பேசுங்க. செல்வி, நூத்தியெட்டுக்கு அடி.”

செல்வலட்சுமி ஒரு கையால் தன் செல்போனில் எண்ணை அழுத்தியபடியே கேட்டாள். “அம்மா அப்பா எங்க பாப்பா?”

“அம்மா மில்லுல. போன லாக்கர்ல வச்சிருவாக. அப்பா தளவாய்புரத்துல பெயின்ட் அடிக்கப் போயிருக்காக. பிரஷ் கழுவுத சீமெண்ணெய் தண்ணி பாட்டில்ல இருந்துச்சு. விமலு ரெண்டு மடக்குக் குடிச்சிட்டான். இருமிக்கிட்டே இருக்கான்.” பின்னணியில் ஒரு சிறுபிள்ளையின் அழுகையும் இருமலும் கேட்டன. “நான் உப்புத்தண்ணி கலக்கிட்டேன். ஒரு சொம்பு. இப்பக் குடுக்கப் போறேன்.”

“குடுக்காத! பாப்பா, குடுக்கவே கூடாது!”

“போங்கக்கா. நீங்க எப்பவும் தப்பாத்தான சொல்லுவீக.”

செல்வலட்சுமி மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

“நிசமாத்தான் சொல்லுதேன் தாயி...”

“அண்ணாச்சிகிட்டக் குடுங்க. ஒரு சொம்பு போதுமா, இன்னும் வேணுமான்னு கேக்கணும்.” பிறகு, தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்பவளைப்போல் அந்தக் குழந்தை பாடத் தொடங்கியது.

*வேண்டாதத விழுங்கிப்புட்டா*
*உப்புத் தண்ணி ஒரு சொம்பு*
*குடிச்சவுடனே வந்திரும்*
*கூடப் போன வம்பு*

சமுத்திரம் வாயைத் திறந்தார். தன் வரிகளை இன்னொருவர் குரலில் கேட்பது அவருக்கு எப்போதும் மகிழ்ச்சி தந்திருக்கிறது.

“அனுசியா,” என்றார் அண்ணாச்சி. “நான்தான் பேசுதேன்.”

“அண்ணாச்சி!” அந்தக் குரலில் நிம்மதி தெரிந்தது.

“சொம்பக் கீழ வச்சிரு தாயி. இன்னைக்கு வேற மாதிரி செய்வோம்.”

“வேற மாதிரின்னா?”

“அந்தப் பாட்டு... அது வேற விசத்துக்கு. சீமெண்ணெய்க்கு வேற.”

“இல்லையே, எத விழுங்குனாலும்னு நீங்கதான சொன்னீக. உருமி அடிச்சிச் சொன்னீகளே.” அவள் ஐயப்படத் தொடங்கியிருந்தாள். “நீங்க அண்ணாச்சிதானா? அக்கா வேற யாரையும் பேசச் சொல்லுதாகளா?”

“ஏலே விமலு, வாயத் திற,” என்பதும், சொம்பின் விளிம்பு எதிலோ இடிக்கும் ஓசையும் கேட்டன.

கௌதம்ராஜ் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்றுவிட்டார். மூன்று வருடமாகச் செல்வியை நம்பாதே, அண்ணாச்சியை நம்பு என்று கற்பித்தவர்கள் அவர்கள் மூவருமே.

“அனுசியா! நிறுத்து. நான் அண்ணாச்சிதான். அந்தப் பாட்டு தப்பு.”

ஓசை நின்றது.

“நீங்கதான பாடுனீக?”

“ஆமா. நான்தான் பாடுனேன். தப்பாப் பாடிட்டேன் தாயி. உப்புத்தண்ணி குடுத்தா தம்பிக்கு மூச்சு அடைச்சிரும். ஒண்ணுமே குடுக்காத, தண்ணி கூட வேண்டாம். வாந்தி எடுக்கவும் வைக்காத.”

தொலைபேசியின் மறுமுனையில், அவள் வீட்டுத் தொலைக்காட்சியில், யாரோ பட்டுப்புடவைகளைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு, பித்தளைச் சொம்பு ஒன்று சிமென்ட் தரையில் வைக்கப்படும் ஓசை.

“வச்சிட்டேன்,” என்றாள் அனுசியா. அழ ஆரம்பித்தாள்.

“நல்ல பிள்ள. தம்பிய நிமித்தி மடியில உக்கார வச்சிக்க. பக்கத்து வீட்டுல யாரு இருக்கா?”

“வெள்ளத்தாய் அத்த.”

“கத்து. அண்ணாச்சிக்குக் காது வலிக்கிற அளவுக்குக் கத்து.”

அவள் கத்தினாள். கதவு திறந்தது, செருப்புகள் உரசின. “ஏட்டி, என்னட்டி ஆச்சு?” என்றொரு பெண்ணின் குரல் நெருங்கி வந்தது. செல்வலட்சுமி அதற்குள் அனுசியாவிடம் தெருப்பெயரைக் கேட்டு, ஆம்புலன்ஸ்காரர்களிடம் அதை இரண்டுமுறை சொல்லி முடித்திருந்தாள். வெள்ளத்தாயிடம் செல்வி எல்லாவற்றையும் மறுபடி விளக்கிக்கொண்டிருக்கும்போது, சமுத்திரம் உயர்த்திய கையை இறக்காமல் காத்திருந்தார். எட்டு நிமிடங்கள் கழித்து, தொலைபேசி வழியே சைரன் ஒலி கேட்டது. அழுகை இன்னும் இருந்தது. அழுகிறான் என்றால் மூச்சு விடுகிறான். வெள்ளத்தாய் போனை அனுசியாவிடமே கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

“அண்ணாச்சி,” என்றாள் அனுசியா. “எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் அந்தப் பாட்டுத் தெரியும். நான் கிளாஸ் லீடர். நான்தான் சொல்லிக்குடுத்தேன்.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

கேமராக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இயர்போனில் கௌதம்ராஜின் குரல் தாழ்ந்து வந்தது.

“நல்லவேளை, வெளிய போகல. இன்னும் ஒரு விளம்பரம் இருக்கு, நாப்பது நொடி. சமுத்திரம்ணே, நீங்க சொன்னது சரிதான், பாட்டுத் தப்புன்னு இன்னைக்கே சொல்லிருவோம். ஆனா செல்வி சொல்லட்டும். நான் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன்னு அவ ஆரம்பிக்கட்டும், அண்ணாச்சி சரியானத எடுத்துச் சொல்லட்டும். விசயமும் போய்ச் சேரும், அண்ணாச்சி பேரும் நிக்கும். என்ன செல்வி?”

“எனக்கென்ன, பழக்கம்தான,” என்றாள் செல்வலட்சுமி. சிரிக்க முயன்றாள்; முடியவில்லை.

சமுத்திரத்துக்கும் அது நேர்த்தியான ஏற்பாடாகவே பட்டது. ஆனால் அவர் காதில் இன்னும் ‘போங்கக்கா’ என்ற சொல் ஒலித்துக்கொண்டிருந்தது. செல்வி தன் தவறென்று சொன்னால், கேட்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடியது யாரென்று தெரியும். அண்ணாச்சி பாடிய பாட்டைச் செல்வி தப்பென்கிறாள். ஆகவே பாட்டு சரி. அனுசியா அப்படித்தான் கணக்குப் போட்டாள். அடுத்த பிள்ளை, தடுத்து நிறுத்த வசதியாக, லைனில் காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்தது. இதற்குப்பின் பிள்ளைகள் அண்ணாச்சியைப் பழையபடி நம்பாமல் போகலாம். மேசைக்குக் கீழே இல்லாதபோது அவர் வெறும் லைன்மேன்; ஏணியைப் பிடிக்க ஆள் கேட்கும் கீச்சுக்குரல்காரர்.

“அஞ்சு,” என்றது இயர்போன். “நாலு. மூணு.”

அண்ணாச்சியின் சாம்பல் நிறத் தலை மேசை விளிம்புக்கு மேலே எழுந்தது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. செல்வலட்சுமி பழகிய சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, நேராகப் பார்த்துப் பேசினாள்.

“வணக்கம் பிள்ளைகளா. உப்புத்தண்ணிப் பாட்டுன்னு ஒண்ணு உங்களுக்குத் தெரியுமில்ல? அத நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன்.”

அண்ணாச்சி வாலை உதறினார். ஒருமுறை. இருமுறை.

“தப்பு, செல்வி, தப்பு!”

செல்வலட்சுமி திடுக்கிட்டுத் திரும்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் கௌதம்ராஜின் கை விளம்பரப் பொத்தானை நோக்கி நகர்ந்து, பாதியில் நின்றது.

“நீ சொல்லிக்குடுக்கல,” என்றார் நரையண்ணாச்சி, கேமராவின் பக்கம் முகத்தைத் திருப்பி. “நான்தான் சொல்லிக்குடுத்தேன். நான் சொன்னது தப்பு.”